பழைய நைட் டிரெயின்ல எந்தப் பெட்டி எங்க நிக்கும், ஏன் அங்க நிக்கும்?

நைட் டிரெயின் விஷயத்துல சேலத்துக்காரங்களுக்குன்னு ஒரு தனி பிரச்னை இருக்குங்க. சென்னைல ஏறுறவருக்கு வண்டி சென்ட்ரல்ல முன்னாடியே வந்து நின்னுடும், ஆற அமர நடந்து போயி பெட்டிய கண்டுபிடிச்சி பைய சீட்டுக்கு அடில தள்ளிட்டு தண்ணி பாட்டில் வாங்க கூட இறங்கி வரலாம். நமக்கு அப்படி இல்ல, நம்ம ஜங்ஷன்ல நிக்கிற நைட் வண்டி பெரும்பாலும் எங்கயோ கெளம்பி எங்கயோ போறது, நடுராத்திரி நம்ம ஜங்ஷன் இருக்கற சூரமங்கலத்துல அஞ்சு நிமிஷம் நின்னா அதுவே பெரிய விஷயம். அரை கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டி நிக்கும், உங்க பெட்டி இன்ஜின் பக்கமா கடைசி பக்கமான்னு தெரியலன்னா பைய தூக்கிட்டு ஓட வேண்டியதுதான். இப்ப ஆப்ல கோச் பொசிஷன் காட்டிடுது, முன்னாடி எல்லாம் போர்ட்டர கேக்கணும், அவருக்கு எந்த வண்டில எது எங்க வரும்னு மனப்பாடம்.

அவரு எப்படி மனப்பாடமா வெச்சிருந்தாருன்னா அந்த வரிசை சும்மா கைக்கு வந்தபடி கோத்தது கிடையாது. ஒவ்வொரு பெட்டியும் அது நிக்கிற எடத்துல நிக்கிறதுக்கு காரணம் இருந்துச்சு. அத புதுசா தெரிஞ்சுக்கறவங்களுக்காக கொஞ்சம் பொறுமையா சொல்றேன். ஒரு வண்டியா ஓடுற மொத்த பெட்டிங்களையும் சேத்து ரேக்குன்னு சொல்லுவாங்க, இந்த ஒரு வார்த்தை போதும், மத்தது போகப் போக வரும்.

ரேக்க ரெண்டு ஓரத்துலருந்து உள்ள பாத்து படிக்கணும், அதுதான் ஈஸி. ரெண்டு ஓரத்துலயும் எஸ்எல்ஆர்னு ஒரு பெட்டி இருக்கும். ஒரே பெட்டிக்குள்ள கொஞ்சம் ஜெனரல் சீட்டு, பார்சல் போடற அறை, கார்டு உக்கார்ற அறை மூணும் இருக்கும். கார்டு எப்பவும் வண்டியோட கடைசில இருக்கணும், அதனால பின்னாடி ஒண்ணு கட்டாயம், முன்னாடி எதுக்கு இன்னொண்ணுன்னா வண்டி திரும்பி வரும்போது முன்னாடி இருந்தது பின்னாடி ஆயிடும்ல, அப்ப பெட்டிய மாத்தி மாத்தி கோக்க வேண்டியதில்ல. இன்னொரு காரணமும் இருக்கு, பார்சல் அறை இருக்கற பக்கத்த வெளிப்பக்கமா வெச்சி கோப்பாங்க, மோதல் கீதல்னு ஏதாவது ஆனா மொதல் அடி ஆளு மேல விழாம சரக்கு மேல விழட்டும்னு. மாம்பழ சீசன்ல அந்த அறைலதான் நம்ம ஊரு மாம்பழக் கூடையெல்லாம் ஏறும், வண்டி நிக்கிற கொஞ்ச நேரத்துல தள்ளுவண்டிய வெச்சி மளமளன்னு ஏத்துவாங்க பாருங்க, அத பாத்தா பயணிங்க ஏறுறதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

கடைசி பெட்டி பின்புறத்துல பெருசா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும், ராத்திரில ஒரு சிவப்பு லைட்டும் எரியும். அது அழகுக்கு இல்லைங்க. வண்டி ஸ்டேஷன தாண்டும்போது அங்க இருக்கறவங்க அந்தக் குறிய பாத்தாதான் முழு வண்டியும் வந்துடுச்சி, நடுவுல அந்து போயி எங்கயும் பாதி பெட்டி நிக்கலன்னு அர்த்தம்.

அடுத்து ஆர்எம்எஸ் பெட்டி, அதாவது ரயில்வே மெயில் சர்வீஸ், தபால் பெட்டி. இது இப்ப இருக்கற பசங்களுக்கு சுத்தமா தெரியாது. மெயில்னு பேரு வெச்ச வண்டியெல்லாம் நெசமாவே தபால் தூக்கிட்டுப் போன வண்டிதான், மங்களூர் மெயில் மாதிரி. அந்த பெட்டில தபால் மூட்டை மட்டும் போகாது, தபால்காரங்களே உக்காந்து ராத்திரி பூரா வேலை பாப்பாங்க, செவுரு முழுக்க சின்ன சின்ன மரப் பொந்து, ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு ஊரு, ஓடுற வண்டில ஆடிக்கிட்டே லெட்டர பிரிச்சி பிரிச்சி போட்டுக்கிட்டே இருப்பாங்க, அடுத்த ஸ்டேஷன் வர்றதுக்குள்ள அந்த ஊரு மூட்டைய கட்டி ரெடியா வெக்கணும். வெளிப்பக்கம் லெட்டர் போட ஒரு ஓட்டை இருக்கும், கொஞ்சம் கூடுதலா ஸ்டாம்பு ஒட்டினா வண்டி நிக்கும்போது நேரா அதுலயே போட்டுடலாம். இந்த பெட்டி அனேகமா ஓரத்துலதான் வரும், பயணிங்க இதுக்குள்ள நடந்து போகக் கூடாதுல்ல, நடுவுல வெச்சா ரேக்க ரெண்டா பிரிச்ச மாதிரி ஆயிடும்.

ஓரத்துலருந்து உள்ள வந்தா ஜெனரல். முன்னாடி ரெண்டு பின்னாடி ஒண்ணு ரெண்டுன்னு பிரிச்சி வெச்சிருப்பாங்க, காரணம் கூட்டம்தான். எல்லா ஜெனரலையும் ஒரே எடத்துல வெச்சா பிளாட்ஃபார்ம்ல அந்த ஒரு எடத்துல தள்ளுமுள்ளு ஆயிடும், ரெண்டு பக்கமும் பிரிச்சா கூட்டமும் பிரியும். நீராவி இன்ஜின் காலத்துல முன்னாடி பெட்டில ஜன்னல் ஓரம் உக்காந்தா கண்ணுல கரி விழும், வெள்ளை சட்டை போட்டுட்டு ஏறினா அவ்ளோதான். கரி யாரு மேல விழலாம்னு முடிவு பண்ணி வெச்ச மாதிரி அந்த எடத்துல கம்மி டிக்கெட்காரங்கதான் இருந்தாங்க, இது என் கருத்து, ரூல் புக்ல இப்படி எழுதியிருக்காது.

இப்ப கிளாஸ் கதைக்கு வருவோம், இதுலதான் எல்லாரும் குழம்புவாங்க. 1955க்கு முன்னாடி ஃபர்ஸ்ட், செகண்ட், இன்டர், தேர்டுன்னு நாலு கிளாஸ். 1955ல பழைய ஃபர்ஸ்ட் கிளாஸ எடுத்துட்டு செகண்டுக்கு ஃபர்ஸ்ட்னு பேரு மாத்துனாங்க, இன்டர் போயி செகண்ட் ஆச்சு. அப்புறம் 1974ல தேர்டு கிளாஸே இல்லைன்னாங்க, அதுல இருந்தவங்க எல்லாம் ஒரே நாள்ல செகண்ட் கிளாஸ் ஆயிட்டாங்க, பெட்டி என்னவோ அதே பெட்டிதான். அதனால பெரியவங்க யாராவது அந்தக் காலத்துல செகண்ட் கிளாஸ்ல போனேன்னு சொன்னா எந்த வருஷம்னு கேட்டுட்டு அப்புறம் ஆச்சரியப்படுங்க.

படுக்கை வசதி கீழ் கிளாஸுக்கு ரொம்ப லேட்டாதான் வந்துச்சு. வந்தப்பவும் வெறும் பலகை, மூணு அடுக்கு மரப் பலகை, மேல ஒரு போர்வைய விரிச்சி படுத்துக்க வேண்டியதுதான், காலைல எந்திரிச்சா முதுகுல பலகை வரி தெரியும். 1977லருந்து 79 வரைக்கும் மது தண்டவதே ரயில்வே மந்திரியா இருந்தப்பதான் செகண்ட் கிளாஸ் படுக்கைக்கும் ரெண்டு இஞ்ச் ஃபோம் போட ஆரம்பிச்சாங்க. நம்ம ஊருல அவர் பேர யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்க, ஆனா ராத்திரி ஸ்லீப்பர்ல கண்ண மூடி தூங்குன ஒவ்வொருத்தரும் அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்னு தோணும். ரெண்டு இஞ்ச்தான், ஆனா அந்த ரெண்டு இஞ்ச் இல்லாம படுத்துப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

ஸ்லீப்பர் பெட்டி உள்ள எப்படின்னா, ஒரு தடுப்புக்கு எட்டு படுக்கை, மூணு இந்தப் பக்கம், மூணு எதிர்ல, ரெண்டு சைடுல. ஒம்போது தடுப்பு, மொத்தம் 72. ஒண்ணும் நாலும் லோயர், ரெண்டும் அஞ்சும் மிடில், மூணும் ஆறும் அப்பர், ஏழு சைடு லோயர், எட்டு சைடு அப்பர், அப்புறம் எட்டெட்டா கூட்டிக்கிட்டே போனா எந்த நம்பரும் எங்கன்னு சொல்லிடலாம். ரேக்குல பெரும்பகுதி இந்தப் பெட்டிங்கதான், எஸ் 1, எஸ் 2ன்னு வரிசையா போகும், நடுவுல ஏசியும் ஃபர்ஸ்ட் கிளாஸும் வந்து வரிசைய வெட்டும்.

கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் வர்றதுக்கு முன்னாடி இந்த எஸ் நம்பருக்கு இன்னும் மவுசு. அப்பல்லாம் ரிசர்வேஷன்னா ஒரு பெரிய ரிஜிஸ்டர், கைல எழுதணும், அந்த நோட்டு ஒரு ஸ்டேஷன்லதான் இருக்க முடியும், அதனால வண்டில இருக்கற படுக்கைய முன்கூட்டியே ஸ்டேஷன் வாரியா பங்கு போட்டு வெச்சிருந்தாங்க. சேலத்துக்கு இவ்ளோ, ஈரோட்டுக்கு இவ்ளோ, கோயமுத்தூருக்கு இவ்ளோன்னு. சேலம் கோட்டா தீந்துடுச்சின்னா வண்டில எடம் காலியா போனாலும் நம்ம கவுன்டர்ல இல்லைன்னுதான் சொல்லுவாங்க. வண்டி கெளம்புறதுக்கு முன்னாடி கதவு பக்கத்துல பசை தடவி சார்ட் ஒட்டுவாங்க, பேரு, வயசு, ஆணா பொண்ணா எல்லாம் ஊரே படிக்கலாம், மழை பேஞ்சா பாதி எழுத்து கரைஞ்சி ஓடிடும்.

ஃபர்ஸ்ட் கிளாஸ், அதுவும் ஏசி இல்லாத பழைய ஃபர்ஸ்ட் கிளாஸ், அத பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லணும். ஒரு பக்கம் நீளமா நடைபாதை, இன்னொரு பக்கம் கதவு வெச்ச ரூம் ரூமா இருக்கும். நாலு பேரு ரூம் கேபின், ரெண்டு பேரு ரூம் கூப்பே. கதவ சாத்தி உள்பக்கம் கொண்டி போட்டா அது உங்க வீடு மாதிரி, ஜன்னல் தொறந்து காத்து வாங்கிட்டே போகலாம், ஜோலார்பேட்டை தாண்டி ஜவ்வாது மலைப் பக்கம் வர்றப்ப அடிக்கிற குளிர் காத்து இருக்கே, அதுக்கு எந்த ஏசியும் ஈடு கிடையாது. ஆனா கணக்கு போட்டு பாத்தா ரயில்வேக்கு இது கட்டுப்படியாகல, ஒரு முழு பெட்டில முப்பது பேருக்கு கூட எடம் இருக்காது, அதே நீளத்துல ஸ்லீப்பர்ல 72 பேரு. 1993ல ஏசி த்ரீ டயர் வந்துச்சு, ஃபர்ஸ்ட் கிளாஸ்ல போன மாதிரி வசதியானவங்கள ஒரே பெட்டில ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தி காசு வாங்கலாம், அதோட பழைய ஃபர்ஸ்ட் கிளாஸ் கொஞ்சம் கொஞ்சமா ரேக்க விட்டு போயிடுச்சு. எல்லாரும் கூப்பே போச்சேன்னு பொலம்புவாங்க, எனக்கு அதுல அவ்ளோ வருத்தம் இல்ல, போனது வசதியானவங்க ஜன்னல்தான். இப்ப ஸ்லீப்பர எடுத்துட்டு ஏசி பெட்டி கோக்கறாங்க பாருங்க, அதுதான் நெஜமான நஷ்டம்.

ஏசியும் ஃபர்ஸ்ட் கிளாஸும் நடுவுல நிக்கிறதுக்கு காரணம் பிளாட்ஃபார்ம். ஸ்டேஷன் வாசல், வெயிட்டிங் ரூம், மேம்பாலம் எல்லாம் பெரும்பாலும் நடுவுலதான் இருக்கும், அதிகம் காசு குடுத்தவரு கம்மியா நடக்கணும். பெட்டி பத்தலைன்னா ஒரே பெட்டில பாதி ஃபர்ஸ்ட் ஏசி பாதி டூ டயர்னு கலந்து போடுவாங்க, இன்னைக்கும் டிக்கெட்ல ஹெச்ஏ 1ன்னு போட்டிருந்தா அது அந்த கலப்புப் பெட்டிதான். பேன்ட்ரி கார் இருந்தா அதுவும் நடுவுலதான், சாப்பாடு ரெண்டு பக்கமும் போகணும்ல, ஆனா சேலம் சென்னை மாதிரி ஒரு ராத்திரி வண்டிக்கு அது எதுக்கு, எல்லாரும் வீட்ல சாப்ட்டுட்டுதான் ஏறுவாங்க இல்ல புளிசாதம் பொட்டலம் கைல இருக்கும்.

சரி, இதுவரைக்கும் சொன்னத வெச்சி 80கள்ல ஒரு நைட் எக்ஸ்பிரஸ மாதிரிக்கு கோத்துப் பாப்போம், குறிப்பிட்ட எந்த வண்டியும் இல்ல, சும்மா புரியறதுக்கு. இன்ஜின், எஸ்எல்ஆர், ரெண்டு ஜெனரல், எஸ் 1லருந்து எஸ் 5, ஏசி டூ டயர் ஒண்ணு, ஃபர்ஸ்ட் கிளாஸ் ஒண்ணு, எஸ் 6லருந்து எஸ் 9, ஒரு ஜெனரல், ஆர்எம்எஸ், கடைசில எஸ்எல்ஆர். இன்ஜின விட்டுட்டு எண்ணுனா 17 பெட்டி.

ஏன் 24 இல்ல 17 அப்படின்னா பிரேக். பழைய பெட்டில வாக்குவம் பிரேக், வண்டி பூரா ஒரு குழாய் போகும், இன்ஜின்லருந்து அதுல இருக்கற காத்த உறிஞ்சி எடுத்து வெச்சிருப்பாங்க, காத்த உள்ள விட்டா பிரேக் பிடிக்கும். நீளமான ஸ்ட்ரா போட்டு இளநி உறிஞ்சுற மாதிரிதான், ஸ்ட்ரா நீளமாக ஆக கஷ்டம், கடைசி பெட்டி வரைக்கும் சரியா வேலை செய்யாது. அப்புறம் ஏர் பிரேக் வந்துச்சு, இதுல காத்த அமுக்கி அனுப்புறாங்க, 24 பெட்டி வரைக்கும் கோக்க முடிஞ்சுது. பழைய செங்கல் கலர் பெட்டிங்க போயி நீலக் கலர் வந்துச்சே ஞாபகம் இருக்கா, அது வெறும் பெயின்ட் மாத்துனது இல்ல, பெரும்பாலும் நீலம்னா ஏர் பிரேக் பெட்டின்னு அடையாளம்.

இன்னொரு விஷயம், பழைய பெட்டிங்கள்ல நெறைய பெட்டிக்கு ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு போற வழியே கிடையாது. டிக்கெட் பரிசோதகரு ஒரு ஸ்டேஷன்ல இறங்கி அடுத்த பெட்டில ஏறணும், தப்பான பெட்டில ஏறிட்டா நீங்களும் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அங்கயே நிக்க வேண்டியதுதான். அதனாலதான் பெரியவங்க இன்னைக்கும் எந்தப் பெட்டியா இருந்தாலும் ஏறு, உள்ள நடந்துக்கலாம்னா நம்ப மாட்டாங்க.

இப்ப நான் சொல்ல வர்ற முக்கியமான எடம். பழைய பெட்டி ஒவ்வொண்ணும் தனக்கு வேண்டிய கரண்ட்ட தானே பண்ணிக்கிச்சு. பெட்டிக்கு அடில குனிஞ்சி பாத்தா சக்கரத்து அச்சுலருந்து ஒரு பெல்ட் போகும், அது ஒரு ஆல்டர்னேட்டர சுத்தும், அதுலருந்து பேட்டரி சார்ஜ் ஆவும், லைட்டு ஃபேன் எரியும். ஏசி இல்லாத பெட்டிக்கு 4.5 கிலோவாட் போதும், ஏசி பெட்டிக்கு 25 கிலோவாட்ல ரெண்டு வேணும். வண்டி எங்கயாவது சிக்னல்ல ரொம்ப நேரம் நின்னா லைட்டு மங்குனது எதனாலன்னு இப்ப புரியுதா, சக்கரம் சுத்தல, பேட்டரி எறங்குது.

இதனால என்ன ஆச்சுன்னா எந்தப் பெட்டியையும் எங்க வேணும்னாலும் கழட்டலாம், வேற எந்த வண்டியோடயும் மாட்டலாம், உள்ள இருக்கறவருக்கு லைட்டும் போகாது ஃபேனும் நிக்காது. இதுக்குப் பேரு த்ரூ கோச். நடுராத்திரி ஒரு ஜங்ஷன்ல வண்டி நிக்கும், கைல லைட்ட பிடிச்சிட்டு ஒரு ஆளு ரெண்டு பெட்டிக்கு நடுவுல இறங்கி திருகு கப்ளிங்க சுத்திச் சுத்தி தளர்த்தி கொக்கிய தூக்கி விடுவாரு, பிரேக் குழாய கழட்டுவாரு, இன்னொரு இன்ஜின் வந்து நாலு பெட்டிய இழுத்துட்டு போயி வேற வண்டில சேத்துடும், தூங்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒரு குலுக்கல் தெரியும் அவ்ளோதான். நம்ம லைன்லயே கீழ போனா ஷொரனூர்ல 2019 வரைக்கும் இது நடந்துச்சு, திருவனந்தபுரத்துலருந்து வர்ற அமிர்தா எக்ஸ்பிரஸ்லருந்து நிலம்பூர் போற ராஜ்யராணி பெட்டிங்கள அங்கதான் பிரிப்பாங்க.

சேலத்துல இத இஷ்டத்துக்கு பண்ண முடியாததுக்கு காரணம் தண்டவாள அகலம். சென்னை கோயமுத்தூர் லைன் பிராட் கேஜ், 1676 மில்லிமீட்டர், ஆனா தர்மபுரி ஓசூர் வழியா பெங்களூர் போற லைனும் விருத்தாசலம் போற லைனும் ரொம்ப காலம் மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். ஒண்ணுல ஓடுற பெட்டி இன்னொண்ணுல ஓடாது, மூட்டை முடிச்சோட இறங்கி மாறணும். விருத்தாசலம் லைன் 2007ல அகலமாச்சு, அப்புறம்தான் அந்த வழியா எழும்பூருக்கு நைட் வண்டி எல்லாம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கே, சென்னை ஈரோடு நைட் வண்டி, அதுக்கு நம்ம மலை பேர வெச்சிருக்காங்க ஆனா மலைக்கு எந்த கேஜும் கிடையாது, விடியக்காலைல சேலத்துல இறங்கி 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்லதான் ஏறணும்.

ஒரு எச்சரிக்கை, ரேக் வரிசை பாதி வழில தலைகீழா மாறும் வண்டிங்க இருக்கு. நீலகிரி எக்ஸ்பிரஸ் கோயமுத்தூர் ஜங்ஷன் வரைக்கும் போயி, வந்த வழிலயே கொஞ்சம் திரும்பி வந்து மேட்டுப்பாளையம் போகுது, அதனால இன்ஜின கழட்டி மறுபக்கம் மாட்டணும். சேலத்துல முன்னாடி இருந்த பெட்டி மேட்டுப்பாளையத்துல கடைசி பெட்டி. ஊட்டி மலை ரயிலுக்கு ஓடிப்போயி சீட்டு பிடிக்கணும்னு நெனைக்கிறவங்க இத ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப வர்ற எல்ஹெச்பி பெட்டிங்க கதை வேற. ஜெர்மன் டிசைன், கொஞ்சம் நீளம், ஸ்லீப்பர்ல 72க்கு பதிலா 80 படுக்கை, அதனால பழைய பெட்டி 24 நின்ன பிளாட்ஃபார்ம்ல இது 22தான் நிக்கும். கரண்ட்டு ஓரத்துல இருக்கற பவர் கார்னு சொல்ற ஜெனரேட்டர் பெட்டிலருந்தோ இன்ஜின்லருந்தோ வண்டி பூரா போகுது, ஒரு பெட்டிய தனியா கழட்டுனா அதுக்கு வர்ற கரண்ட்டு நின்னுடும். சத்தம் கம்மி, ஸ்பீடும் பாதுகாப்பும் நல்லா இருக்கு, ஒத்துக்கறேன், ஆனா பாதி வழில பிரிச்சி கோக்கற வேலையெல்லாம் இதோட கிட்டத்தட்ட முடிஞ்சுது, ரேக் இப்ப மொத்தமா ஒரே சாமான் ஆயிடுச்சு. பெரம்பூர்ல இருக்கற ரயில் பெட்டி தொழிற்சாலை ஐசிஎஃப், 1955ல தொறந்து அந்தக் காலத்துலருந்து பண்ணிட்டு இருந்த பழைய மாடல் பெட்டிய 2018 ஜனவரியோட நிறுத்திட்டாங்க.

பழைய பெட்டி எங்கயாவது நின்னுட்டு இருந்தா அது பக்கவாட்டுல அஞ்சு இலக்க நம்பர் ஒண்ணு எழுதியிருக்கும், அத படிக்கக் கத்துக்கோங்க. மொத ரெண்டு இலக்கம் பெட்டி பண்ணுன வருஷம், பின்னாடி மூணு என்ன வகைங்கறது. 88234ன்னா 1988ல பண்ணுனது, 201லருந்து 400க்குள்ள வர்றதால ஸ்லீப்பர். 051லருந்து 100 டூ டயர் ஏசி, 101லருந்து 150 த்ரீ டயர் ஏசி, 401லருந்து 600 ஜெனரல், 701லருந்து 800 எஸ்எல்ஆர், அதுக்கு மேல பேன்ட்ரி, தபால், ஜெனரேட்டர்னு மத்ததெல்லாம். சில பெட்டில ஸ்லீப்பர் நம்பர் இருக்கும் ஆனா வெளில ஜெனரல்னு எழுதியிருக்கும், உள்ள போயி பாத்தா மிடில் பெர்த்த கழட்டிட்டு கொக்கி மட்டும் விட்டு வெச்சிருப்பாங்க.